நத்தைக்கும் சுற்றிய திருஷ்டி

என் தம்பி மகளுக்கு ஐந்து வயது. செராஸில், லிஃப்டில் ஏறிப் போகிற உயரத்தில் கொண்டோ வீடு. கிள்ளானில் என் வீட்டுக்கு வந்தால், காரிலிருந்து வாசற்படிவரை அப்பன்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். நடுவில் இருப்பது நாலு எட்டுப் புல்தரை. அதில் கால் வைக்கச் சொன்னால் அழுது ஊரைக் கூட்டிவிடுவாள்.

பள்ளி விடுமுறைக்கு அவளை விட வந்த தம்பி, அவள் காதில் விழாமல் சொன்னான். "அடுத்த வருஷம் ஸ்கூல் போகணும்க்கா. இப்ப பாலர் பள்ளித் திடல்லயே இறங்க மாட்டேங்குறா. மத்த புள்ளைங்க சிரிக்குதுங்களாம். என்னதான் பண்றது?"

"இங்க விட்டுட்டு நீ கெளம்பு" என்றேன். வாய் சொல்லிவிட்டதே தவிர, எனக்கும் வழி தெரியவில்லை.

வழியை மழை காட்டியது. சாயங்கால மழை விட்டதும், வீட்டு முன்னால் ஓடும் சாக்கடை, எங்கள் பேச்சில் லோங்காங், அதன் விளிம்பில் நத்தைகள் ஏறி வரும். என் வெற்றிலைக் கொடியில் பாதியைத் தின்று தீர்த்த திருட்டுக் கூட்டம். வாய் வலிக்கத் திட்டுவேன். ஆனாலும் அவை நடக்கிற அழகை நின்று பார்க்காமல் ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

சட்டியின் கண்ணாடி மூடியை இரண்டு தடவை கழுவினேன். உப்புப் பட்டால் நத்தை செத்துப்போகும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே, ஓட்டின் ஓரம் உடைந்த ஒன்றை இலையால் எடுத்து மூடிமேல் விட்டேன். மூடியை அவள் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரலிடுக்கில் பார்த்தாள்.

அடியிலிருந்து பார்த்தால் நத்தைக்கு ஒரே பாதம். அதில் பட்டை பட்டையாக அலை ஓடும், வாலிலிருந்து தலைக்கு. ஓடு ஆடாது, அசையாது. அலை மட்டும் ஓட, ஆசாமி பாட்டுக்கு முன்னே போய்க்கொண்டிருப்பார். அடடா, எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது!

"அத்தை, அதுக்குக் கால் கூசாதா? செருப்பே போடலயே."

"அதான் தனக்குத்தானே பாய் விரிச்சிக்கிட்டுப் போகுதே, பாரு" என்று பின்னால் மினுங்கிய கோட்டைக் காட்டினேன்.

வெள்ளரித் துண்டு வைத்தோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கிட்டே வைத்தவள், "தேங்கா துருவுது அத்தை!" என்று கத்தினாள். கொம்பு நுனியில் கண் இருப்பதையும், புல் நுனி பட்டதும் அது உள்ளே சுருண்டுகொள்வதையும் அவளே கண்டுபிடித்தாள். பூந்தொட்டிக்கு அடியில் ஓடில்லாத நத்தை ஒன்று அகப்பட்டது.

"இதோட வீடு எங்க?"

"கொண்டோ வேணாம், தரையே போதும்னு எறங்கிடுச்சுலா."

சிரித்தாள். ஆனால் படியை விட்டு இறங்கவில்லை. இலையால்தான் தூக்க வேண்டும், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்ற என் சட்டத்துக்கெல்லாம் கட்டுப்பட்டவள், புல் என்றதும் காலை மடக்கிக்கொண்டாள். ஓடு உடைந்த அந்த நத்தை மட்டும் தினமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள், பின்னாலேயே அவர்களுடைய அம்மாக்களும். இவள் படியில் நின்று மூடியைத் தூக்கிப் பிடித்து, அலையையும் பாயையும் விளக்கினாள். "ஷ்ஷ்! கத்தாதீங்க, அதுக்குப் பயம்." "யம்மாடி, என்னமா பேசுது இந்தப் புள்ள!" என்று அம்மாக்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் இத்தனை கண் பட்டால் சும்மா விடலாமா?

அவர்கள் போனதும் அவளைப் படியில் வெறுங்காலோடு நிறுத்தி, கல்லுப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துச் சுற்றினேன். தூ தூ தூ என்று துப்பினாள். வழக்கம்போல் புல்லில் இறங்கி, லோங்காங்கைப் பார்த்துக் கையை ஓங்கினேன். விளிம்பில் அந்த உடைந்த ஓடு ஏறிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள்.

"வேணாம் அத்தை!"

ஈரப் புல்லில் ஓடி, நத்தைக்கு மேலே குனிந்து, இரண்டு கையையும் விரித்தாள். என் கை வீசி முடித்துவிட்டது. உப்பும் மிளகாயும் அவள் தலையிலும் முதுகிலும் கொட்டின.

"அடிப்பாவி! கழிச்ச திருஷ்டி உன் மேலயே விழுந்துடுச்சேடி!"

அவள் அசையவில்லை. "ஆடுனா உப்பு கீழ விழும் அத்தை. மொதல்ல அத எடுங்க."

எடுத்தேன். மூடிமேல் வைத்துக் காட்டிய பிறகுதான் நிமிர்ந்தாள். முடியிலிருந்து உப்பு உதிர்ந்தது. புல்லில் புதைந்த காலைக் குனிந்து பார்த்தாள். அழவில்லை. கண் கலங்கியது எனக்குத்தான்.

"வாடி, மறுபடி சுத்தணும்."

"உப்பு வேணாம்."

"சரி, சூடம்."

"அப்ப அதுக்கும் சுத்துங்க. எல்லாரும் அதத்தானே பாத்தாங்க?"

நியாயம்தானே! அவளைப் படியில் உட்காரவைத்து, பக்கத்தில் மூடியோடு நத்தையை வைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சூடம் சுற்றி, கேட்டுக்கு வெளியே கொளுத்தினேன். அவள் மூடியைத் தூக்கிக்கொண்டு தானே புல்லில் இறங்கி, நத்தையை வெற்றிலைக் கொடிப் பக்கம் விட்டாள். போனால் போகட்டும், வெற்றிலை.

அவளை அழைத்துப்போகத் தம்பி வந்தான். காரிலிருந்து இறங்கி, வழக்கம்போல் இரண்டு கையையும் நீட்டினான்.

"வேணாம்பா, நானே வரேன்" என்று புல்லின் நடுவிலிருந்து சொன்னாள். "நீங்க கீழ பாத்து வாங்க. அது நடந்து போய்க்கிட்டிருக்கு."

தம்பி ஒரு காலைத் தூக்கியபடி, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.