அக்கரை ஜெமிமா

சேம்பு வயலின் ஓரத்தில் நின்று ஜெமிமா குரல் கொடுக்கிறாள். "நான்தான், அம்பேக்காரி. உள்ள வரலாமா?" வயலில் யாரும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம்தான் கேட்கிறது. பதில் வராது என்று உறுதியான பிறகே காலெடுத்து வைப்பாள்.

மயேவோ தீவுக்கு அவள் வந்தபோது மகள் லில்லிக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. இப்போது அந்தப் பெண் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் ஆடுகிறாள், கனவில்கூட மயேவோ பேச்சுதான் பேசுகிறாள். எரிமலை பொங்கி, அக்கரையில் இருக்கும் அம்பே தீவை விட்டு அரசாங்கம் எல்லோரையும் கிளப்பியபோது கூட வந்தவர்களில் பலர் திரும்பிப் போய்விட்டார்கள். ஜெமிமாவுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. பெருமழையோடு இறங்கிய சாம்பல் சேறு அதை மூடிவிட்டது. கணவன் தாரி அவ்வப்போது படகேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். அவள் ஒரு தடவையும் போனதில்லை.

இடம் கொடுத்தவள் மோரின். தாய்வழியில் வந்த நிலம் அவளுடையது. "வழி நடக்கக் கேக்குறா, விறகு பொறுக்கக் கேக்குறா. ஒருநாள் மூச்சு விடலாமான்னு வந்து நிக்கப்போறா பாருங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். ஜெமிமாவும் சேர்ந்து சிரிப்பாள். மறுநாள் காலை மறுபடி எல்லையில் நின்று குரல் கொடுப்பாள்.

அம்பேயில் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து அளந்து குடித்தவள் அவள். இங்கே மூங்கில் குழாயில் இரவும் பகலும் ஊற்றுநீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரே குவளைத் தண்ணீரில் கிழங்கு கழுவுவாள். "இப்படியா கொட்டிட்டுப் போகும்" என்பாள், யாரோ வீட்டுப் பிள்ளையைக் கண்டிப்பதுபோல.

பாய் முடையும்போது மேற்கே பார்த்துத்தான் உட்காருவாள். மேகம் விலகினால் கடலுக்கு அப்பால் அம்பே கவிழ்த்துப் போட்ட படகுபோலத் தெரியும். உச்சியில் புகை கண்டால், "அடுப்பு மூட்டிட்டாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த ஓலையை எடுப்பாள். சில நாள் கை அப்படியே நின்றுவிடும். அப்போது யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள்.

கீரை, வள்ளிக்கிழங்கு என்று சீக்கிரம் பிடுங்கிவிடக்கூடியதைத்தான் அவள் நடுவாள். தென்னையோ சீமைப்பலாவோ நட்டால் அடுத்தவர் மண்ணில் உரிமை கேட்டதாகிவிடும். அது தெரிந்துதான் மோரின் ஒருநாள் முளைவிட்ட தேங்காய் ஒன்றைக் கொண்டுவந்து அவள் வாசலில் வைத்தாள்.

"நடு."

"அக்கா, இது தென்னை."

"எனக்குக் கண்ணு தெரியாதா? நீ எனக்குத் தங்கச்சி முறை. நீ பறிச்சு முடிச்சா லில்லி பறிப்பா."

ஜெமிமா தேங்காயைத் தொடவில்லை. "ஒரு தடவ அங்க போய்ப் பாத்துட்டு வந்துடறேன்க்கா. அப்புறம் சொல்றேன்" என்றாள்.

"போ. நானும் வரேன். நீ அங்கயே உக்காந்துட்டா உன்ன யாரு இழுத்துட்டு வர்றது?"

அப்படித்தான் தாரியோடு சேர்த்து மூவரும் படகேறினார்கள். கடல் நடுவில் மோரின் வாந்தி எடுத்தாள், எடுத்தபடியே படகோட்டியைத் திட்டினாள். ஜெமிமா மேற்கே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். கரையேறி மேட்டுப்பாதையில் நடந்தபோது அவள் கால் மற்ற இருவரையும் முந்தியது. வளைவு திரும்பியதும் நின்றுவிட்டது.

சாம்பல் நிறமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். பச்சைப்பசேல் என்று இருந்தது. இடுப்பளவு புல், அதன் மேல் கொடி. தேவாலயக் கூரையின் முகடு மட்டும் துருப்பிடித்துத் தரையோடு தரையாகக் கிடந்தது. மற்றதெல்லாம் காலுக்குக் கீழே.

தாரி கத்தியால் புல்லை வெட்டிக்கொண்டே நேராக நடந்து போய் நடுவில் நின்றான். "வா. நம்ம வீடு இங்கதான். பாக்க ஒண்ணும் இல்ல."

ஜெமிமா முகட்டைப் பார்த்தாள், பின்னால் இருந்த பாறையைப் பார்த்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். "அடுப்பு மேல நிக்கிறீங்க."

தாரி சட்டென்று நகர்ந்தான். மோரின் சிரிக்க வாய் திறந்தாள், முடியவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தத் தேங்காய லில்லி கையால நட்டுடலாம்க்கா" என்றாள் ஜெமிமா, திரும்பிப் பார்க்காமல். "அவளுக்கு மயேவோதான ஊரு."

பிறகு செருப்பைக் கழற்றினாள். தாரி வெட்டிவைத்த வழியில் போகவில்லை. புல்லை விலக்கிக்கொண்டு, இல்லாத சுவரை ஒட்டிச் சுற்றிப்போய், கடலைப் பார்த்த வாசல் பக்கம் வந்து நின்றாள். நிலைக்கட்டை தலையில் இடிக்காதபடி லேசாகக் குனிந்து, உள்ளே போனாள்.