சுரேஷின் தோளில் ஒரு காயம்

என் தங்கை கணவன் சுரேஷுக்கு நீச்சல் தெரியாது. அவனைக் கயாக் படகு ஓட்ட வற்புறுத்தி அழைத்துப் போனது நான்தான். சிலிபினில் இருந்து கோப்பெங் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேரும்வரை, "வேணாம் மச்சான், நான் கரையிலயே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

"லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்க. நான் இருக்கேன்ல, பயப்படாத லா" என்றேன்.

இருவர் படகு. அவன் முன்னால், நான் பின்னால். இருபுறமும் பாறைச் சுவர்கள், அவற்றின் மேல் சாய்ந்த மூங்கில்கள். அழகாகத்தான் இருந்தது. முன்னே போன வழிகாட்டி வலப்பக்கம் திருப்பச் சொல்லி, "கானான்! கானான்!" என்று கத்தினார். நான் திருப்புவதற்குள் படகு பாறையில் மோதிக் கவிழ்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சுரேஷ் படகின் விளிம்பைப் பிடித்திருந்தான். ஜாக்கெட் என்னை மிதக்க வைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவன் தோளில் குதிகாலை ஊன்றிப் படகின் மேல் ஏறினேன். அவன் தலை தண்ணீருக்குள் போவதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் காலை எடுக்கவில்லை. வழிகாட்டிதான் வந்து அவனை இழுத்துப் போட்டார்.

வீட்டில் தங்கை அவனுக்குத் தைலம் தேய்த்தாள். "என்னங்க இது, தோளு இப்படிக் கறுத்துப் போயிருக்கு?"

சுரேஷ் என் பக்கம் திரும்பவில்லை. "பாறை இடிச்சிருச்சு லா. மச்சான் இல்லன்னா நான் போயிருப்பேன்."

தனியாக இருக்கும்போதுகூட அவன் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. பேச்சு வரும்போதெல்லாம் தங்கை இன்றும் அந்தப் பாறையைத் திட்டுகிறாள். நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.