ஞாயிற்றுக்கிழமை வேன்

வேனக்காவை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டிலேயே முதலாவதாக நான் வாங்கிய பட்டத்தைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, வேலை தேடி ஊரைவிட்டு வந்து, ஒரு மெக்கானிக் ஷெட்டின் மாடியில் அறை எடுத்திருந்த சமயம் அது. கீழே ஒரு மஞ்சள் பள்ளி வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. குழந்தைகள் யாரும் இறங்கவில்லை. நரைத்த தலைகளாக இறங்கின. ஒரு அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு இறங்கினார், ஒருவர் கண் சிவந்து இறங்கினார், கடைசியாக ஒரு பருத்த மனிதர் வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி இறங்கினார். வேனை ஓட்டிவந்த, எல்லாரும் வேனக்கா என்று கூப்பிடும் ஒல்லியான பெண்மணி ஒவ்வொரு சீட்டுக்கடியிலும் குனிந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஸ்கூல் லீவாச்சே, இவங்கெல்லாம் யாருக்கா?" என்று கேட்டேன்.

"ஃபெயிலான பிள்ளைங்க தம்பி. ஸ்பெஷல் கிளாஸ்."

அவர் போனபிறகு மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது ஒரு மாதிரி கேஸு. பொண்ணும் பொண்ணும், பையனும் பையனும் சேர்ந்து இருக்காங்களே, அதுகளைப் பெத்தவங்களை ஏத்திக்கிட்டுச் சுத்துது. தள்ளியே இரு."

தள்ளியிருக்க முடியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேனக்கா சொன்னதும், அன்று சிரித்தபடி இறங்கிய அந்த மருந்துக்கடைக்காரர் சொன்னதும் சேர்ந்ததுதான் இந்தக் கதை.

அந்த வேன் வேனக்காவின் கணவருடையது. மனிதர் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. வேனை விற்றுவிடச் சொன்னான் வேனக்காவின் தம்பி. "பொம்பளை ஓட்டற வண்டியில எவன் பிள்ளையை ஏத்துவான்?" என்றான். வேனக்கா ஓட்டக் கற்றுக்கொண்டார். ஏற்றத்தான் செய்தார்கள். காரணம், அவரது ஒரு பழக்கம். குழந்தைகள் வேனில் எதை விட்டுவிட்டுப் போனாலும் அன்று சாயங்காலமே அது வீட்டு வாசலுக்கு வந்துவிடும். தண்ணீர் பாட்டில், குடை, ஒற்றைக்கால் ஷூ எல்லாம் வரும். ஒரு தடவை ஆடி விழுந்த பால் பல்லைக்கூடக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய், "அம்மா, உங்க பிள்ளையோட சொத்து" என்று கொடுத்திருக்கிறார். 

மகள் தன் விஷயத்தைச் சொன்னதும் அந்த வேனில்தான். குழந்தைகளை எல்லாம் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது, முன்சீட்டில் உட்கார்ந்து, சாலையைப் பார்த்தபடி சொன்னாள்.

"எனக்கு மாப்பிள்ளை பாக்காதேம்மா. எனக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்கும். ஒருத்தி இருக்கா."

வேனக்கா பிரேக் போடவில்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. அடுத்த வளைவு தாண்டியதும் கேட்டார்: "அவளுக்காவது சமைக்கத் தெரியுமா? உனக்கு முட்டை வேகவைக்கக்கூட வராதே."

மகள் சிரித்துவிட்டாள். அதன்பிறகு வேனக்கா தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதது மகளுக்குத் தெரியாது. அவள் வேறொரு நகரத்துக்குப் போய்த் தோழியோடு குடித்தனம் வைத்துவிட்டாள்.

விஷயம் எப்படியோ தம்பி காதுக்குப் போனது. சொந்தக்காரர்கள் கூடியிருந்த ஒரு வீட்டில், நடு ஹாலில் வைத்து அவன் ஆரம்பித்தான்.

"அக்கா, உன் வீட்டு விஷயத்துல ஒரு சந்தேகம். சண்டை வந்தா ரெண்டுல எது கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்கு வரும்?"

ஹாலே சிரித்தது. தம்பி பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். வேனக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியவர், அந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்கவில்லை.

தலைவலி மாத்திரை வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடைக்காரர், "உங்க பொண்ணு விஷயம் கேள்விப்பட்டேன்" என்று இழுத்தபோது, வேனக்கா சண்டைக்குத் தயாரானார். அவரோ கையிலிருந்த மாத்திரை அட்டையை நொறுக்கிக்கொண்டே, "என் பையனும் அப்படித்தாங்க. அவனை அடிச்சுட்டேன். கையை எங்க கொண்டுபோய் வெட்டிக்கறதுன்னு தெரியலை" என்றார். பருத்த உடம்பு குலுங்கியது. அன்று வேனக்கா அவரோடு அவர் வீட்டுக்கே போய், மகன் கையைப் பிடித்து அப்பன் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

இருவர் ஐவரானார்கள். கூடிப் பேச ஒரு நடன வகுப்புக் கூடம் கிடைத்தது. அடுத்த தடவை போனால் பூட்டுத் தொங்கியது. கதவில் கரியால் எழுதியிருந்த வசவைப் படித்த ஒரு அம்மாள் அங்கேயே வாந்தி எடுத்தார். அதன்பிறகுதான் வேனக்காவுக்கு அந்த யோசனை வந்தது.

"ஓடற வண்டியில எவனும் ஒட்டுக்கேக்க முடியாது. ஏறுங்க."

ஞாயிறு தோறும் மஞ்சள் வேன் நகரத்தைச் சுற்றியது. யாரும் அவரவர் தெருவில் ஏறமாட்டார்கள், இரண்டு தெரு தள்ளி ஏறுவார்கள். தெருவில் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் தெரியாதவர்போலப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. வேனக்கா உள்கண்ணாடியைக் கூரைப்பக்கம் தூக்கிவிடுவார். "நான் பாக்கமாட்டேன், தாராளமா அழுங்க. ஆனா மூக்கை சீட்டு கவர்ல தொடைக்கக் கூடாது. திங்கக்கிழமை பிள்ளைங்க உட்காரணும்."

அழுகை ஒரு சுற்று முடிந்ததும் கேலி ஆரம்பமாகும். "என் மாப்பிள்ளையும் பொம்பளைதான், சண்டைபோட வசதியா இருக்கு" என்பார் ஒருவர். வேன் குலுங்கும்.

இத்தோடு நின்றிருக்கலாம். வேனக்காவுக்கு நிற்கத் தெரியவில்லை. எந்தப் பிள்ளையை வீட்டைவிட்டு விரட்டினார்கள் என்று கேள்விப்பட்டாலும் அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிடுவார். ஒரு வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரை மேலே ஊற்றினார்கள். இன்னொரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். "வீடுகளுக்குப் போகாதீங்க" என்று மருந்துக்கடைக்காரர் பலமுறை சொல்லிப்பார்த்தார். "நீங்க தேறலையா? அதுமாதிரி அவங்களும் தேறுவாங்க" என்பார் வேனக்கா.

இந்த நிலையில்தான் காசாளரம்மா வந்து சேர்ந்தார். வங்கி கவுன்ட்டரில் இருப்பவர், அதிகம் பேசாத பிறவி. மகள் நர்சிங் படிப்பை முடித்துவிட்டு விடுதியில் இருந்தாள். அவள் விரும்பும் பெண் தூர நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதே ஆஸ்பத்திரியில் இவளுக்கும் வேலை கிடைத்துவிட்டது. ரயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. அப்பா கல்லூரிப் பேராசிரியர். அவருக்கு விஷயம் தெரிந்தால் மகளை ரயிலேற விடமாட்டார்.

"அவ போய்ச் சேர்ந்ததும் நானே அவர்கிட்ட சொல்லிக்கறேன். அதுவரைக்கும் நான் வாயைத் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் என் வேலை. இங்க வந்து பேசிட்டுப் போனா அங்க பேசாம இருக்க முடியுது" என்றார் காசாளரம்மா. வீட்டில் ஆடிட் வேலை என்று சொல்லிவிட்டு வருவார்.

மகள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு. காசாளரம்மா அன்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். இறங்கும் அவசரத்தில் கண்ணாடியை மறந்துவிட்டார். வழக்கம்போலச் சீட்டுக்கடியில் குனிந்த வேனக்காவின் கைக்கு அது சிக்கியது. ஐயோ, நாளைக்குக் கவுன்ட்டரில் என்ன செய்வார்? அந்த ஒரு நினைப்புதான் வந்தது. ஒருநாள் மழையில் அவரை வீட்டருகே இறக்கிவிட்டிருந்ததால் வழி தெரியும். நேரே போய் மணியடித்தார். பேராசிரியர் கதவைத் திறந்தார்.

"அம்மா கண்ணாடியை வேன்ல விட்டுட்டாங்க சார்."

சொல்லி முடித்தபிறகுதான் தான் நிற்பது யார் வீட்டு வாசலில் என்று அவருக்கு உறைத்தது.

"எந்த வேன்ல?" என்றார் பேராசிரியர். தெருவை எட்டிப் பார்த்தார். மஞ்சள் வேன் நின்றது. "ஓ! ஞாயித்துக்கிழமை வேன். எங்க ஸ்டாஃப் ரூம்ல சொல்லியிருக்காங்க. உள்ளே வாங்கம்மா, வெயில்ல நிக்காதீங்க."

குரலில் கோபமே இல்லை. மனைவியைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். காசாளரம்மா கண்ணாடி இல்லாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டே வந்து, வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் கணவருக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"என் பொண்ணு விஷயமா?" என்று கேட்டார் பேராசிரியர். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. "எனக்குச் சந்தேகம் இருந்துச்சும்மா. கேக்கப் பயம். நானும் அப்பன்தானே? என்கிட்ட மட்டும் எல்லாரும் மறைக்கறாங்க."

கணவரின் முதுகுக்குப் பின்னால் நின்று காசாளரம்மா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வேனக்கா அதைப் பார்த்தார். ஆனால் பேராசிரியரின் முகத்தில் அவருக்குத் தெரிந்தது மருந்துக்கடைக்காரரின் அழுத முகம்தான். இந்த மனிதரும் தேறிவிடுவார் என்று அவர் மனம் துள்ளியது.

"உங்க பொண்ணு ஒரு தப்பும் பண்ணலை சார். என் பொண்ணும் அப்படித்தான். நல்லாத்தான் இருக்கா..." என்று ஆரம்பித்தார். பேராசிரியர் இடையிடையே கேட்டார். அந்தப் பெண் எந்த ஆஸ்பத்திரி? என்றைக்கு ரயில்? கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. டீ ஆறியது.

"ரொம்ப நன்றிம்மா. இவ சொல்லியிருக்கவே மாட்டா" என்று வாசல்வரை வந்து, வேன் கதவைத் தானே திறந்துவிட்டார் பேராசிரியர்.

வேனக்கா வழியிலேயே வண்டியை ஓரங்கட்டி மருந்துக்கடைக்காரருக்குப் போன் செய்தார்: "இன்னொரு அப்பா தேறிட்டாருங்க!"

மறுநாள் விடுதியிலிருந்த மகளுக்குத் தகவல் போனது, அம்மாவுக்கு நெஞ்சு வலி என்று. ஓடிவந்தாள். வந்தவளின் போனும் சான்றிதழ்களும் பேராசிரியரின் பீரோவுக்குள் போயின, அவள் ஜன்னல் இல்லாத அறைக்குள் போனாள். ரயில் அவள் இல்லாமல் கிளம்பியது. காசாளரம்மா வங்கிக் கழிப்பறைக்குள் நின்று மருந்துக்கடைக்காரருக்குப் போன் செய்து இதைச் சொன்னார். அதன்பிறகு அவர் எடுக்கவும் இல்லை, அழைக்கவும் இல்லை.

வேனக்கா காவல் நிலையத்துக்கு ஓடினார்.

"பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் அதிகாரி.

"சொந்தம் ஒண்ணும் இல்ல சார். வயசு வந்த பொண்ணு. அடைச்சு வெச்சிருக்காங்க."

"சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. அப்புறம் என்ன, நீங்க கட்டிக்கப் போறீங்களா?"

ஏட்டு வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் அதிகாரி போன் போட்டார். பேராசிரியர் மகளைக் காரில் தானே அழைத்துவந்தார். தலை படிய வாரி, கசங்காத உடையில் இருந்தாள். உதடு மட்டும் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. 

"என்னை யாரும் அடைச்சு வெக்கலை. நான் எங்க வீட்ல இருக்கேன்" என்றாள். ஒப்பித்ததுபோல இருந்தது. பேராசிரியர் தரையைப் பார்த்தபடி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார்.

வெளியேறும்போது அந்தப் பெண் வேனக்காவின் எதிரே நின்றாள்.

"எங்கம்மா இத்தனை நாளா வாயைத் திறக்கலை. நீங்க ஒரு டீ குடிக்கற நேரத்துல எல்லாத்தையும் சொல்லிட்டீங்க. இன்னும் யார் வீட்டு டீ பாக்கி ஆன்ட்டி?"

கார் கிளம்பிப் போயிற்று. ஏட்டு வேனக்காவின் பக்கத்தில் வந்து, "டீயாவது நல்லா இருந்துச்சாக்கா?" என்றார்.

அடுத்த ஞாயிறு பாதிப் பேர்கூட ஏறவில்லை. மருந்துக்கடைக்காரர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"உங்க மனசுல ஒரு கள்ளமும் இல்ல. ஆனா எங்க பிள்ளைங்க உசுரு உங்க வாயில இருக்கு. அது பயமா இருக்கு."

"நான் போய் அந்தாள் கால்ல விழறேன்" என்றார் வேனக்கா.

"போதும்க்கா! தயவுசெஞ்சு நீங்க யார் வீட்டுக்கும் போகாதீங்க" என்று பின்சீட்டிலிருந்து ஒரு அம்மாள் கத்தினார். "என் வீட்டு அட்ரஸும் உங்களுக்குத் தெரியும். நினைச்சா எனக்குத் தூக்கம் வரலை."

வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். அவரவர் இடம் இன்னும் வரவில்லை. நடு வெயிலில், ஒரு கிடங்குச் சுவர் ஓரமாக, எல்லாரும் இறங்கி நடந்தார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பேராசிரியர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. பள்ளி நிர்வாகியிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: குழந்தைகள் பாதுகாப்பு. அது போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் தாய்மார்கள் கதவைப் பாதி திறந்து, "தப்பா நினைக்காதீங்க வேனக்கா, நாங்களே கொண்டுபோய் விட்டுக்கறோம்" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தி, அவர் திரும்புவதற்குள், "அந்த சீட்டுல உக்காந்தா பிள்ளைக்கும் ஒட்டிக்கும்" என்று பக்கத்து வீட்டாளிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது.

தம்பியும் போன் செய்தான், பல வருஷம் கழித்து. "ஊர்ப் பொண்ணுங்களை எல்லாம் உன் பொண்ணு மாதிரி ஆக்கலாம்னு பாத்தே. நல்லவேளை, அந்த சார் முழிச்சுக்கிட்டார்."

மகள் கூப்பிட்டாள், "எங்ககூட வந்து இரும்மா" என்று. வேனக்கா போகவில்லை. பேராசிரியரின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்குள் ஏதாவது செய்துவிடலாம் என்று நம்பினார். ஒரு வக்கீலிடம் போனார். அந்தப் பெண்ணின் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது என்றார் வக்கீல். கையெழுத்து வாங்க ஒரே வழி அவளுடைய அம்மா. வங்கிக்குப் போய், வரிசையில் நின்று, கவுன்ட்டர் எதிரே வந்தார்.

"அம்மா, ஒரே ஒரு கையெழுத்து..."

காசாளரம்மா நிமிர்ந்து பார்த்தார். பிறகு 'கவுன்ட்டர் மூடப்பட்டது' என்ற பலகையை எடுத்து நடுவில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். பின்னால் நின்றவர்கள் வேனக்காவைத் திட்டினார்கள்.

கல்யாணம் நடந்தது. பெண்ணை மாப்பிள்ளை எங்கோ தூர ஊருக்கு அழைத்துப்போனான். அவள் நர்ஸ் வேலைக்குப் போவதில்லை என்பது மட்டும் தெரியும். அவள் விரும்பிய அந்த இன்னொரு பெண் ஒரு தடவை வேனக்காவுக்குப் போன் செய்தாள். ஒன்றும் பேசவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வேனக்கா, "அம்மாடி" என்றதும் வைத்துவிட்டாள்.

மருந்துக்கடைக்காரரின் கிடங்கில் இப்போதும் பெற்றோர் கூடுகிறார்கள். புதியவர்கள் வருகிறார்கள். வேனக்காவுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. வேனை விற்க வேண்டியதாயிற்று, வாங்கியவர் அதற்கு வெள்ளை அடித்துவிட்டார். வேனக்கா ஒரு துணி ஆலைக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டை மற்ற டிரைவர்கள் வேண்டாம் என்பார்கள். அதை இவர் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.