எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை

என் வலது முழங்கால் சில்லு முதன்முதலில் இடம் பெயர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி மைதானத்தில் எறிபந்து ஆடிக்கொண்டிருந்தோம். பந்தைப் பிடித்துத் திரும்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. விழுந்து பார்த்தால் சில்லு காலின் வெளிப்பக்கம் போய்ப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அலறியபடியே காலை நீட்டினேன். டக்கென்று அது பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அப்படித் தானாக வந்ததுதான் என் கெட்ட நேரம். டாக்டரிடம் போனபோது வீக்கத்தைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே எலும்பு டாக்டர் ஒருவர் இருந்தார். ஊரே அவரிடம்தான் போகும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, சுளுக்கு."

"இல்ல சார், எலும்பு வெளிய போயிட்டு வந்துச்சு."

"எலும்பு அப்படியெல்லாம் ஊருக்குப் போயிட்டு வராதும்மா" என்று சிரித்தார். கூட வந்த என் அப்பாவும் சிரித்தார்.

அதன் பிறகும் சில்லு நழுவிக்கொண்டேதான் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போது, கல்யாண மண்டபத்தில் பந்தியிலிருந்து எழும்போது, சமையலறையில் ஈரத் தரையில், எத்தனையோ முறை. காலை நீட்டி உள்ளங்கையால் உள்ளே தள்ளிவிட நானே கற்றுக்கொண்டேன். படியில் எப்போதும் இடது காலை முதலில் வைத்தேன். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் சட்டென்று திரும்ப மாட்டேன். மண்டைக்கனம் பிடித்தவள் என்று பெயர் எடுத்ததுதான் மிச்சம்.

நான்கு முறை அதே டாக்டரிடம் போனேன். கல்யாணத்துக்கு முன் போனால், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். முழங்காலுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. கடைசி முறை போனபோது என்னைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. என் கணவரிடம்தான் சொன்னார்: "தம்பி, வீட்ல கொஞ்சம் வெயிட்டக் குறைக்கச் சொல்லுங்க. பாதி பயம்தான், வேற ஒண்ணுமில்ல." வலிப்பது என் கால். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என் கணவரோ நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வீடு வந்து சேரும்வரை அவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், பசுமலையில் நான் வேலை பார்க்கும் பள்ளியில், பதினோராம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையிலிருந்து திரும்பினேன், சில்லு நழுவியது. மேசையைப் பிடித்துச் சரிந்து தரையில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் கத்த, பக்கத்து வகுப்புத் தமிழ் டீச்சர் ஓடி வந்தார்.

"தள்ளிவிட்டா உள்ள போயிரும்னு சொல்லுவீங்களே டீச்சர், தள்ளுங்க!" என்றார் அவர்.

என் கை முழங்காலுக்குப் போய்விட்டது. அப்போதுதான் நினைத்தேன்: தள்ளினால் மறுபடியும் எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது. மறுபடியும் பயம் என்பார்கள்.

"தள்ள மாட்டேன். ஆட்டோ கூப்பிடுங்க. யாரும் என் காலத் தொடாதீங்க."

மடங்கிய காலோடு ஆட்டோவில் போன அந்த இருபது நிமிடத்தை என்னால் எழுத முடியாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் தமிழ் டீச்சரின் கையைக் கிள்ளி ரணமாக்கிவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர் புடவையை விலக்கிப் பார்த்து, "அய்யோ, சில்லு வெளிய நிக்குதே!" என்றார். அந்த வலியிலும் எனக்கு அழுகையோடு சிரிப்பு வந்தது. பதினாறு வருடத்தில் முதன்முறையாக ஒருவர் அதைக் கண்ணால் பார்த்துவிட்டார்.

"மொதல்ல எக்ஸ்ரே எடுங்க டாக்டர். அப்புறமா உள்ள தள்ளுங்க" என்றேன். அப்படியே செய்தார்கள்.

வீக்கம் வடிந்ததும் அங்கிருந்த அறுவை சிகிச்சை நிபுணர் பார்த்தார். காலை நீட்டச் சொல்லி, கட்டை விரலால் சில்லை லேசாக வெளிப்பக்கம் தள்ளினார். நான் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டேன். "போதும், தெரிஞ்சுபோச்சு" என்றவர் கேட்டார்: "ஏம்மா, இம்புட்டு வருஷமா ஏன் காட்டாம இருந்தீங்க?"

"காட்டாமலா? நாலு தடவை காட்டினேன் சார்! நம்பத்தான் ஆளில்ல!" அறைக்கு வெளியே கேட்கும்படி கத்தியிருக்கிறேன். என் கணவர் எழுந்தே நின்றுவிட்டார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சரிம்மா. தப்பு உங்க மேல இல்ல." பிறகு ஸ்கேனை எனக்குக் காட்டி எனக்கே விளக்கினார். சில்லை உள்பக்கமிருந்து இழுத்துப் பிடிக்கும் ஜவ்வு கிழிந்துவிட்டது. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, அதைப் புது ஜவ்வாகப் பொருத்த வேண்டும். அது முடியும். ஆனால் ஒவ்வொரு முறை நழுவும்போதும் சில்லின் அடியிலிருக்கும் குருத்தெலும்பு உராய்ந்திருக்கிறது. அது போனது போனதுதான். "முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார்.

ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் சம்மதப் படிவத்தை என் கணவரிடம் நீட்டினார். "சிஸ்டர், கால் என்னுது. இங்க குடுங்க" என்று நான் வாங்கி முதலில் கையெழுத்துப் போட்டேன். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்திருந்ததால் திரைக்கு அந்தப்பக்கம் எலும்பைத் துளைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. பயமாக இல்லை. யாரோ ஒருவர் கடைசியில் வேலையைச் செய்கிறார் என்றிருந்தது.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் கொடுமை. வாக்கரைப் பிடித்து நடப்பதுகூடப் பரவாயில்லை. மடக்குவதற்குத்தான் உயிர் போனது. உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண், "இன்னும் கொஞ்சம்க்கா, இன்னும் கொஞ்சம்" என்பாள். சில்லு ஓடிவிடுமோ என்று கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். அது ஓடவில்லை. நான்காவது மாதம் கரும்பலகையின் முன் நின்று வேண்டுமென்றே சட்டென்று திரும்பிப் பார்த்தேன்.

கைத்தடி இல்லாமல் நடக்க ஆரம்பித்ததும் பழைய டாக்டரிடம் போனேன். டோக்கன் வாங்கி, என் முறை வரும்வரை காத்திருந்து, சில்லு வெளியே நிற்கும் அந்த எக்ஸ்ரேயை மேசைமேல் வைத்தேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்பல்லாம் ஸ்கேன் வசதி ஏதும்மா?"

"கட்டை விரல் இருந்துச்சுல்ல சார்? அத வச்சுத்தான் அவங்க கண்டுபிடிச்சாங்க."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. எக்ஸ்ரேயை உறையில் போட்டு என்னிடம் தந்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்தார்.

வெளியே ஸ்கூட்டரில் காத்திருந்த என் கணவர், "சொல்லியாச்சா? இப்பவாவது கோவம் போச்சா?" என்று கேட்டார்.

"போகல" என்றேன்.

இன்றைக்கும் சம்மணம் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சில்லுக்கு அடியில் மணலைப் போட்டு அரைப்பதுபோல் இருக்கிறது. மாடி ஏறும்போது மெல்லிய சத்தம் கேட்கிறது. நடக்கிறேன், பஸ் ஏறுகிறேன், நின்றபடியே பாடம் நடத்துகிறேன். அதற்கெல்லாம் நன்றி உண்டு. ஆனால் தேய்ந்துபோன அந்தக் குருத்தெலும்பு எனக்குச் சேர வேண்டியது. "பயம்தான்" என்று ஒரு மனிதர் சொன்ன ஒற்றை வார்த்தையில் அது போய்விட்டது.