ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் நெறி பார்த்தவள்

பெண் பயணிகளின் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் ஒரு உத்தியோகம்தான். பிளேக் காலத்தில் ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் அதைச் செய்தவள் நான். அப்போது பெங்களூர் வண்டியில் வந்திருந்தால், பிளாட்பாரத் தட்டிமறைப்புக்குள் கூசிப்போய் நின்றது உங்களுக்கும் மறந்திருக்காது. எனக்கும் கூச்சம்தான். நான் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனின் பெண்டாட்டி, ஊருக்கு நர்ஸம்மா.

எட்டு வருஷம்

முதல் வாரம். குடியாத்தம் போகிற விதவை ஒருத்தி, முப்பது வயசிருக்கும். வெள்ளைப் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று கையை வைத்தேன். அழ ஆரம்பித்துவிட்டாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லம்மா. அவரு போய் எட்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் என்னை யாருமே தொட்டதில்ல."

பால் கட்டு

கன்னியம்மாவின் புருஷனுக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் வேலை. மாமியாரோடும் மூன்று மாதக் குழந்தையோடும் வந்தாள். இடது அக்குளில் நெறி, உடம்பும் சுட்டது. "பால் கட்டிக்கிச்சு நர்ஸம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். டாக்டரிடம் சொல்ல வேண்டியது என் வேலை, சொன்னேன். அவளைத் தனிக்கொட்டகையில் பத்து நாள் வைத்தார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று குழந்தையை மாமியாரோடு ஊருக்கு அனுப்பினோம்.

மூன்றே நாளில் நெறி வடிந்துவிட்டது. பால் கட்டுதான். ஆனால் பத்து நாள் என்றால் பத்து நாள். கட்டின பாலைத் தரையில் பீய்ச்சிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் நாள் புருஷன் வந்து வேலிக்கு அப்பால் நின்றான். ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கில் குழந்தை போய்விட்டதாம். கன்னியம்மா அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"என்னை அடைச்சு வெச்சு நீ யாரைக் காப்பாத்துனே?"

போம்மா என்றேன்

அப்புறம் ஒரு மாதம்கூட ஆகவில்லை. பேரணாம்பட்டுப் பெண், அவளும் கைக்குழந்தைக்காரி. அதே மாதிரி நெறி, அதே சூடு. அவளும் பால் கட்டு என்றுதான் சொன்னாள். "போம்மா" என்று விட்டுவிட்டேன். டாக்டரிடம் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வாரத்தில் சேதி வந்தது. அவள் விலாசம் சொல்லிவிட்டுப் போன அதே தெருவில் அடுத்தடுத்துச் சாவு. மிச்சப்பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வயல்வெளிக்குப் போய்விட்டார்கள். அவளால்தானா, எலியாலா, யாருக்குத் தெரியும்? மனசு தாங்காமல், காய்ச்சல் பார்க்கிற கம்பவுண்டர் முனுசாமியிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை இன்னொரு தபா என்கிட்ட சொல்லாதக்கா. எனக்கும் புள்ளகுட்டி இருக்குது."

மூன்று வருஷம் கழித்துக் கொட்டகையைப் பிரித்தபோது, குறையில்லாமல் வேலை பார்த்தவள் என்று எனக்கு ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். யாரைக் கேட்டு எழுதினீர்கள் என்று நான் கேட்கவில்லை.