குசினிக்குள் வந்த விருந்தாளி

தொண்ணூறுகளில் ஸ்காபரோ பேக்கரி ஒன்றில் என்னோடு வேலை செய்தவள் இந்தோனேசியாவின் சின்ன மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். ஒரு பனிக்கால ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். முன்னறையில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாத புதுச் செற்றியைக் காட்டி இருக்கச் சொன்னேன். அவளோ நேரே குசினிக்குள் போய், அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டாள். தொட்டி நிறையக் கழுவாத சட்டிகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உவ ஏன் அங்க போனவ?" என்று கணவர் கிசுகிசுத்தார்.

"எனக்கென்ன தெரியும்? செற்றி பிடிக்கேல்லையாக்கும்."

அவள் அடுப்பில் கைகளைச் சூடுகாட்டியபடி தன் ஊரைப் பற்றிச் சொன்னாள். செங்குத்தான சரிவெல்லாம் முட்டைக்கோவாவும் உருளைக்கிழங்கும்தானாம். மத்தியானமே பனிமூட்டம் இறங்கிவிடுமாம். ஆணும் பெண்ணும் சாரத்தைத் தோளில் போர்த்திக்கொண்டு திரிவார்களாம். அடுப்புக்கு மேலே சோளக்கதிர்கள் தொங்குமாம். வருகிறவரை அந்த அடுப்படிக்குத்தான் கூட்டிப்போவார்களாம். முன்னறையில் இருத்தினால் அவர் வேற்றாள் என்று அர்த்தமாம்.

நான் சொதியைத் துழாவினேன். கணவர் தன் கதிரையையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவள் கேட்காமலே உள்ளி உரிக்கத் தொடங்கினாள்.

அதன்பிறகு அந்தச் செற்றியில் இருந்தவர்கள் இன்சூரன்ஸ் விற்க வந்தவர்கள்தான்.