பின்னக் கணக்குக் கட்டு

பாம்பூஃப்ளாட் படகுத்துறைக்குக் கொஞ்சம் மேலே, டயர் கடையை ஒட்டிய இரண்டு அறைகளில் மாலை வகுப்பு நடந்தது. கதவைத் திறப்பது, பெருக்குவது, பால் காய்ச்சுவது, ஜெராக்ஸ் எடுத்து வருவது, இவைதான் எனக்கு அங்கே வேலை. பாடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை இல்லை. நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்.

அதற்குப் பிறகு உப்பளம், ஓட்டல், விசைப்படகு என்று போய், சென்னையிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பல் ஏறினேன். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் மூட்டை இறக்கினேன். ஒரு நாள் இரும்புக் கயிறு இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அதோடு மூட்டை வேலை முடிந்தது. எந்த ஊரிலும் நான் மூன்று வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. இங்கேயும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வகுப்பை நடத்திய மேடம் தினமும் அக்கரையிலிருந்து நாலு மணிப் படகில் வருவார். பிள்ளைகள் வருவதற்குள் பயிற்சித்தாள்களைத் தரையில் பரப்பி, யாருக்கு எது என்று எடுத்துவைப்பார். பதினைந்து பிள்ளைகள். தமிழ், தெலுங்கு, பெங்காலி, ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. ஒருவருக்குக் கொடுத்த தாளை அன்றைக்கு இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டார். அலமாரியில் ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதவேண்டும்: தெரியும், பாதி, தெரியாது. அடுத்த நாள் தாள் அந்த நோட்டைப் பார்த்துத்தான் தேர்வாகும்.

மேடத்தின் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டதாக மெயின்லேண்டிலிருந்து போன் வந்தது. மறுநாள் சாவியையும் நோட்டையும் என்னிடம் கொடுத்தார்.

"வரிசையா குடுக்காதீங்க. முதல்ல பிள்ளையைப் பாருங்க, அப்புறம் தாளை எடுங்க."

"எனக்கு என்ன தெரியும் மேடம்?"

"விடைத்தாள் ஒவ்வொரு கட்டுலயும் கடைசியா இருக்கு. ரெண்டு மாசம்தான். அந்தப் பொண்ணை மட்டும் விட்டுடாதீங்க."

அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பு. ராமநாதபுரத்துக் குடும்பம். அம்மா படகுத்துறை வாசலில் மீன் விற்றாள். அப்பா ரோட்டு வேலை. வடக்கே பாராடாங் தீவைத் தாண்டி ஒரு கேம்பில் அவருக்கு நீண்ட நாள் வேலை கிடைத்திருந்தது. குடும்பத்தோடு போகவேண்டும். கேம்பிலிருந்து ஆறாம் வகுப்புள்ள பள்ளிக்கூடம் வெகுதூரம், போக வண்டியும் கிடையாது. விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளியில் நுழைவுத் தேர்வு இருந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு முறைதான் எழுதலாம். அதில் தேறினால் அவள் விடுதியில் இருந்து படிப்பாள். தேறாவிட்டால் கேம்புக்குப் போய் அடுப்பைப் பார்த்துக்கொள்வாள். இதை அவளுடைய அம்மாவே என்னிடம், இறாலைத் தோல் உரித்துக்கொண்டே, சொன்னாள்.

முதல் நாள் நான் தரையில் தாள்களைப் பரப்பியபோது தெலுங்கு வீட்டு இரட்டையரில் ஒருவன் சொன்னான்: "நீங்க எக்ஸாம் எழுதுங்க அங்கிள். ஹம்லோக் பால் காய்ச்சுறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு வாரத்தில் வேலை பிடிபட்டது. இரட்டையருக்கு ஒரே தாளைக் கொடுத்தால் அடித்துக்கொள்வார்கள், வேறு வேறு கொடுத்தால் பார்த்து எழுதமுடியாது, சும்மா இருப்பார்கள். வேகமாக முடிக்கிறவனுக்கு இரண்டு பக்கத் தாள். எழுதத் தயங்குகிறவளுக்குப் படம் பெரிதாக, கோடு குறைவாக உள்ள தாள். தாள்கள் எல்லாம் மெயின்லேண்டில் அச்சானவை. ஒரு கணக்கில் ரயில் பிளாட்பாரத்துக்குள் வந்தது.

"பிளாட்பாரம்னா ஜெட்டி மாதிரியா?" என்று அந்தப் பெண் கேட்டாள். தீவில் ரயில் கிடையாது; படகுத்துறையைத்தான் இங்கே ஜெட்டி என்பார்கள்.

"ஆமா, அந்த மாதிரி."

"அப்போ லேட்டாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு, கணக்கைச் சரியாகப் போட்டாள்.

அவள் எல்லாவற்றையும் சரியாகப் போட்டாள். பெருக்கல், வகுத்தல், காலம், தூரம், பரப்பளவு. பிறகு பின்னக் கணக்குக் கட்டு வந்தது.

முந்தின நாளே வீட்டில் அதைப் பிரித்துப் பார்த்தேன். முதல் தாள் நிழல் போட்ட வட்டங்கள், அது பரவாயில்லை. இரண்டாம் தாளில் கூட்டல். அரையும் மூன்றில் ஒன்றும். மேலே உள்ளதை மேலே கூட்டினேன், கீழே உள்ளதைக் கீழே கூட்டினேன். ஐந்தில் இரண்டு. விடைத்தாளில் ஆறில் ஐந்து என்று இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்தேன். அடுத்த கணக்கும் பொருந்தவில்லை, அதற்கடுத்ததும் பொருந்தவில்லை. தீக்குச்சிகளை உடைத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. ரப்பர் பேண்டைத் திரும்பப் போட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை மீன் வாங்கப் போனேன். அந்தப் பெண்ணின் அம்மா டீ குடிக்கப் போயிருந்தாள், மகள்தான் தராசைப் பிடித்து நின்றாள்.

"சூரை டேட் கிலோ அந்த ஆன்ட்டிக்கு. இது பௌனே தோ, ஆன்ட்டி, தலை சேர்த்து. பாவ் கிலோ எல்லாம் வெட்டித் தரமாட்டோம், ஜாவோ."

ஒன்றரை, ஒன்றேமுக்கால், கால். யோசிக்காமல் சொன்னாள், யோசிக்காமல் நிறுத்தாள். இவளுக்குப் பின்னம் தெரியும் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அன்று மாலை நோட்டில் அவள் பக்கத்தில் பின்னத்துக்கு எதிரே 'தெரியும்' என்று எழுதினேன். பெருக்கலில் இன்னும் கஷ்டமான தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதை என்னால் திருத்தமுடியும்.

இப்போது யோசித்தால், அதற்குப் பிறகு நான் எடுத்த தாள்கள் எல்லாம் என்னால் திருத்தமுடிந்தவைதான். பிள்ளையைப் பார்த்து எடுக்கவில்லை. என்னைப் பார்த்து எடுத்தேன்.

மேடம் ஒரு முறை போன் செய்தார். வார்த்தைகள் விட்டுவிட்டுத்தான் கேட்டன.

"பின்னம் முடிஞ்சுதா?"

"அது அவளுக்குத் தெரியும் மேடம்."

"தெரியுமா? நல்லது. அதுதான் எனக்குக் கவலையா இருந்துச்சு."

தேர்வு நடந்த அன்று அவள் மத்தியானப் படகில் திரும்பி வந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "நிறைய வந்துச்சு அங்கிள், அந்த மேல கீழ கணக்கு" என்றாள். பிறகு இரட்டையரோடு விளையாடப் போய்விட்டாள். பட்டியல் வந்தபோது அவள் பெயர் அதில் இல்லை. நான் அறையைப் பெருக்கினேன், பால் காய்ச்சினேன். மற்றவர்களுக்கு அன்றைய தாள்களை எடுத்துவைத்தேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. விரல்கள் போனபோதும் முதலில் அப்படித்தான் இருந்தது.

அடுத்த வாரம் மேடம் வந்தார். முதலில் நோட்டைத்தான் எடுத்தார். அவள் பக்கத்தைப் பார்த்தார். அலமாரியில் கை விட்டுப் பின்னக் கட்டை எடுத்தார். தாள்கள் புதிதாக இருந்தன.

"இதுல ஒண்ணுகூட குடுக்கலையா?"

"இல்ல மேடம். எனக்கு வரலை."

"எனக்குப் போன்ல சொல்லியிருக்கலாமே."

அவர் கட்டுக்கு ரப்பர் பேண்டைத் திரும்பப் போட்டார். திட்டவில்லை. "அவங்க வீட்ல சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

சொல்லவில்லை. அவர்கள் கிளம்பும் நாள் காலையில்தான் போனேன். காண்டிராக்டர் அனுப்பிய பிக்கப் வண்டி வாசலில் நின்றது. பாய், பாத்திரங்கள், அடுப்பு எல்லாம் ஏறியிருந்தன. அம்மா மகளைத் திட்டிக்கொண்டே கயிறு கட்டினாள்.

"எத்தனை பிள்ளைங்க எழுதிப் பாஸ் ஆயிருக்கு. இவளுக்கு அன்னைக்குக் கவனம் எங்க மேயப் போச்சோ. தராசுல நின்னா மட்டும் வாய் கிழியும்."

அந்தப் பெண் வண்டியில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளைத் திட்டாதம்மா" என்றேன். "அவ மேல தப்பில்லை. அந்தக் கணக்கை நான் குடுக்கவே இல்லை. எனக்கே தெரியாது. தெரியாததை மறைச்சுட்டேன்."

அம்மாவின் கை கயிற்றில் நின்றது. அப்பா என்னைப் பார்த்தார், பிறகு வண்டியின் சக்கரத்தைப் பார்த்தார்.

"தெரியாதா?" என்றாள் அம்மா.

"தெரியாது."

"மேல் வீட்ல பெங்காலி பாபு இருக்காரே அண்ணே. ரிட்டயர் ஆன ஆளு, ஆபீஸ்ல கணக்கு எழுதினவரு. தினம் எங்கிட்டதான் மீன் வாங்குறாரு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே. வேணாம்னா சொல்லப்போறாரு?"

அவள் குரலில் கோபம் இல்லை. விலாசம் சொல்வது மாதிரி சொன்னாள். மகள் இப்போது என்னைப் பார்த்தாள். நான் அடுப்பின் காலைப் பிடித்து உள்ளே தள்ளினேன். அது ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது.

டிரைவர் ஹார்ன் அடித்தார். "சலோ பாய், கான்வாய் விட்டா அடுத்தது மத்தியானம்தான். அப்புறம் கேட்ல காயணும்." காட்டு வழியில் வண்டிகளைக் குறித்த நேரத்தில், கூட்டமாக மட்டுமே விடுவார்கள்.

அம்மா மூட்டைமேல் ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் முந்தானையை எடுத்து அவள் தலையில் வெயிலுக்குப் போட்டாள். வண்டி போயிற்று.

நான் திரும்பியபோது மேல் வீட்டு வராந்தாவில் அந்தப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு மாதமும் நான் ஜெராக்ஸ் எடுக்க அந்த வழியாகத்தான் போய்வந்திருக்கிறேன்.